சங்கீதம் 89, 38-ஆம் வசனத்திலிருந்து: ஆயிரம் தலைமுறை வாக்குத்தத்தம் எங்கள் வீட்டில் நின்றுவிட்டதா?

#1 வேப்பமர நிழல்

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். அவர் வாங்கிய வேதப்புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டையை இரண்டு முறை மாற்றிவிட்டோம். முன்பக்கத்து வெற்றுத்தாளில் தாத்தா கையாலேயே கோடு போட்டு, பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம், ஞானஸ்நான நாள் என்று நான்கு கட்டங்கள் வைத்திருக்கிறார். அவருக்குப் பின் அப்பா எழுதினார். அப்பாவுக்குப் பின் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசியாக எழுதியது என் மகனுடைய பெயர்.

அவனுக்கு இப்போது எட்டு மாதத்தில் ஒரு பிள்ளை இருக்கிறான். மகன் ஆலயத்துக்குப் போவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "எனக்கு நம்பிக்கை இல்லை அம்மா, இருப்பதுபோல் நடிக்க மனம் வரவில்லை" என்று அமைதியாகச் சொன்னான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அதனால் அந்தத் தாளில் பிள்ளையின் பெயரும் ஏறவில்லை. நான்காவது கட்டம் காலியாக இருக்கும்போது முதல் மூன்றை எப்படி நிரப்புவது என்பது அம்மாவின் எண்ணம். அவர்களுக்கு 84 வயது.

போன வாரம் குடும்ப ஜெபத்தில் சங்கீதம் 89 வந்தது. 37-ஆம் வசனம் முடிந்தவுடன் அம்மா "போதும், மூடிவை" என்றார்கள். எனக்குத் திக்கென்றது. ஒரு அதிகாரத்தைப் பாதியில் நிறுத்த அவர்கள் ஒருநாளும் விட்டதில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு மீதியை நான் தனியாக வாசித்தேன். தாவீது ராஜாவின் வம்சம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று தாவீதோடு செய்த உடன்படிக்கையை நீரே ஒழித்துவிட்டீர் என்று சங்கீதம் பாடியவர் தேவனிடமே சொல்கிறார். அதற்குப் பதில் வராமலே சங்கீதம் முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், ஆயிரம் தலைமுறைக்கு வாக்குக் கொடுத்தவர், பையன் தானாகத் திரும்பி வருவான், கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையை ஆட்டினார்கள். அந்த ஆறுதல் அவர்களுக்குள் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் யாராவது விளக்குங்கள். தேவன் தலைமுறை தலைமுறைக்கும் உண்மையுள்ளவர் என்றால் என்ன பொருள்?

#2 கல்தூண்

சகோதரி, உங்கள் அம்மா நிறுத்திய இடம் தற்செயலானது அல்ல. அந்தச் சங்கீதத்தை நெஞ்சால் வாசித்தவர்கள் எல்லோரும் அங்கே ஒரு முறை தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

சங்கீதத்தின் தலைப்பு இதை எஸ்ராகியனாகிய ஏத்தானுடையது என்கிறது. முதல் வசனத்திலேயே இரண்டு சொற்கள் வருகின்றன. எபிரெயத்தில் ஹெசெத், எமூனா. நம்முடைய வேதாகமத்தில் கிருபை, உண்மை. சங்கீதம் முழுவதிலும் இந்த இரண்டும் ஏழு ஏழு முறை வருகின்றன. 37 வரை வானம், சமுத்திரம், சந்திரன் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைத்துத் தாவீதுக்குக் கொடுத்த வாக்கைப் பாடுகிறார். 38-இல் எல்லாம் கவிழ்கிறது. கிரீடம் தரையில் கிடக்கிறது, மதில் தகர்ந்திருக்கிறது, வழிப்போக்கர்கள் கொள்ளையிடுகிறார்கள். அங்கிருந்து 48 வரை தேடிப்பாருங்கள். கிருபை என்ற சொல்லும் இல்லை, உண்மை என்ற சொல்லும் இல்லை. 49-இல் இரண்டும் சேர்ந்து திரும்ப வருகின்றன, கேள்வியாக: உமது பூர்வ கிருபைகள் எங்கே?

துதிக்கப் பயன்படுத்திய அதே சொற்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் கேட்கிறார். வாக்குக் கொடுக்காதவரிடம் யாரும் இப்படிக் கேட்க முடியாது. கடன்பத்திரம் கையில் இருப்பவன்தான் வாசலில் நின்று குரல் கொடுப்பான். கடைசி வசனமான 52, சங்கீதப் புத்தகத்தின் ஐந்து பகுதிகளில் மூன்றாவதை முடித்துவைக்கும் ஸ்தோத்திரம். ஏத்தானின் கேள்விக்கு அது பதில் ஆகாது. அந்தக் கேள்வியைப் பதில் இல்லாமலே வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இன்னொன்று. 30 முதல் 34 வரை மறுபடி வாசியுங்கள். தாவீதின் பிள்ளைகள் வேதத்தை விட்டுவிலகினால் என்ன நடக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் விலகுவார்கள் என்பது வாக்குக் கொடுக்கும்போதே கணக்கில் சேர்ந்திருக்கிறது.

#3 புதுத்துருத்தி

அக்கா, மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். ஆனாலும் சொல்கிறேன். எங்கள் சபையில் அடிக்கடி சொல்வார்கள்: தேவனுக்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் இல்லை. தாத்தாவின் விசுவாசம் தாத்தாவோடு முடிகிறது. எசேக்கியேல் 18 முழுவதும் இதைத்தான் பேசுகிறது. பிதாக்கள் திராட்சக்காய் தின்ன, பிள்ளைகளின் பல் கூசியது என்று பாபிலோனில் சிறைப்பட்டவர்கள் பழமொழி சொல்லித் திரிந்தார்கள். இனி அந்தப் பழமொழியைச் சொல்ல வேண்டாம் என்று தேவனே தடுத்தார். அப்பன் செய்த பாவம் மகன் மேல் விழாது என்றால், அப்பனுடைய நீதியும் மகன் கணக்கில் சேராது. அதே அதிகாரம் இரண்டையும் சொல்கிறது.

நானே குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் பெற்று, 24 வயது வரைக்கும் ஒன்றும் அறியாமல் திரிந்தவன். பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்ததால் எனக்கு ஒரு நன்மையும் வரவில்லை. உங்கள் மகன் பொய் சொல்லாமல் நின்றதை நான் மதிக்கிறேன்.

#4 வேப்பமர நிழல்

தம்பி, நோகவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதை நானும் அறிவேன். ஆனால் பேரப்பிள்ளைகள் இல்லை என்றால், ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அவர் ஏன் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்? யாக்கோபு பேரன் அல்லவா? பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதும் வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்றுதானே?

#5 கல்தூண்

குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிய வாக்குவாதத்துக்குள் இந்த இழை போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நம்மிடம் பழைய இழைகள் போதுமான அளவு இருக்கின்றன. பேதுரு சொன்ன வாக்கியத்தில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தூரத்திலுள்ளவர்களும் இருக்கிறார்கள், தேவன் வரவழைப்பவர்கள் என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை.

பின்னாளில் ஆபிரகாமான ஆபிராமின் சந்ததிக்குத் தேவன் வாக்குக் கொடுக்கும் ஆதியாகமம் 15-க்கு நான் போகிறேன், ஏனென்றால் அடித்தளம் அங்கே இருக்கிறது. எபிரெயத்தில் உடன்படிக்கையைச் 'செய்தார்கள்' என்று பெரும்பாலும் சொல்வதில்லை, 'வெட்டினார்கள்' என்பார்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா. மூன்றையும் நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார் ஆபிராம். காட்டுப்புறாவையும் புறாக்குஞ்சையும் மட்டும் துண்டிக்கவில்லை. பறவைகள் அந்த உடல்கள்மேல் இறங்குகின்றன, கிழவர் அவற்றைத் துரத்துகிறார். இந்த ஒரு வரியை நான் மிகவும் நேசிக்கிறேன். வாக்குக் கிடைத்த பிறகும், அது நிறைவேறும் வரை, சாயங்காலம் வரைக்கும் பறவை துரத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

துண்டங்களின் நடுவே நடந்துபோவதன் பொருளை எரேமியா 34 சொல்கிறது. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே கடந்துபோய்ச் செய்த உடன்படிக்கையை மீறினார்கள் எருசலேமின் தலைவர்கள். அவர்களுடைய உடல்கள் பறவைகளுக்கு இரையாகும் என்று அங்கே வருகிறது. வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கு நேரட்டும் என்பதே அந்த நடை. இரண்டு தரப்பாரும் நடப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆபிராமோ அயர்ந்து தூங்குகிறார். தேவனுடைய அடையாளமாகப் புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியும் மட்டுமே துண்டங்களின் நடுவே போகின்றன. ஒருவர் மட்டுமே நடந்தார், சகோதரி. மற்றவர் தூங்கினார்.

தம்பி புதுத்துருத்தி சொன்ன எசேக்கியேல் 18-ம் வேதம்தான். தாவீது சாகும்போது சாலொமோனிடம், உன் பிள்ளைகள் தங்கள் வழியைக் காத்து நடந்தால் என்ற நிபந்தனையோடுதான் அந்த வாக்கைச் சொல்கிறார் (1 இராஜாக்கள் 2:4). நிபந்தனை இல்லாத 2 சாமுவேல் 7-ம் நிபந்தனையுள்ள 1 இராஜாக்கள் 2-ம் ஒரே வேதத்தில் அருகருகே நிற்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிப்பவர்களை நான் நம்புவதில்லை.

#6 இரவுப்பணி

நான் 22 வருடமாகச் செவிலியர். இறையியல் படித்தவள் அல்ல. 2 இராஜாக்கள் 11-ஐ மட்டும் நினைவூட்ட வந்தேன்.

அத்தாலியாள், யூதாவின் ராஜாவாயிருந்த தன் மகன் அகசியா செத்தான் என்று கண்டவுடன், தாவீதின் வழிவந்த ராஜவம்சத்தார் அனைவரையும் கொன்றுபோட எழும்பினாள். அரண்மனைக்குள் பிள்ளைகளை வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அகசியாவின் சகோதரி யோசேபாள் ஒரு கைக்குழந்தையைக் களவாக எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அந்தக் குழந்தையோடு அதன் தாதியையும் சேர்த்துச் சயன அறையில் ஒளித்துவைக்கிறாள். ஆறு வருடம் கர்த்தருடைய ஆலயத்தில் மறைந்திருந்தார்கள்.

தாவீதுக்குக் கொடுத்த வாக்கு முழுவதும் அந்த ஆறு வருடம் பால்குடிக்கும் ஒரு பிள்ளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாதிக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை வீறிட்டு அழுதால் அந்த மாடி முழுவதும் கேட்கும். வாசலுக்கு வெளியே கொலைகாரியின் காவலர்கள் இருக்கும்போது, பல் முளைக்கும் பிள்ளையை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைச் சத்தம் வெளியே போகாமல் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் எத்தனை இரவு நடந்திருப்பாள்! தேவன் வாக்கைக் காப்பாற்றினார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். என் கண்ணுக்கு அந்த நடைதான் தெரிகிறது.

அக்கா, உங்கள் அம்மா பேரனுடைய பெயரைச் சொல்லி ஒவ்வொரு இரவும் ஜெபிப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#7 தராசு

இரவுப்பணி அக்கா எழுதியதை வாசித்துக் கண் கலங்கினேன். ஆனால் கதையை அங்கே நிறுத்துவது நேர்மை ஆகாது. அந்தக் குழந்தை யோவாஸ். ஏழு வயதில் ராஜாவானான். யோசேபாளின் கணவர், ஆசாரியன் யோய்தா, உயிரோடிருந்த வரைக்கும் நன்றாக நடந்தான். யோய்தா செத்த பிறகு விக்கிரகங்களுக்குப் போனான். கண்டித்துப் பேசிய சகரியாவை ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லச் செய்தான். அந்தச் சகரியா யார்? யோய்தாவின் மகன். எந்த வீடு அவனைக் காப்பாற்றியதோ அந்த வீட்டுப் பிள்ளையை, எந்த ஆலயத்தில் ஒளிந்து வளர்ந்தானோ அங்கேயே கொன்றான். 2 நாளாகமம் 24.

மத்தேயு முதல் அதிகாரத்தில் வரும் இயேசுவின் வம்சவரலாற்றில் யோவாஸ் இல்லவே இல்லை. யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கிறது. நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூன்று பேரும் விடுபட்டிருக்கிறார்கள். அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பெயர் அந்தத் தாளில் இல்லை. வேப்பமர நிழல் அக்கா, உங்கள் தாளைப் பற்றி வாசித்தபோது எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. பெயர் எழுதப்படாவிட்டாலும் அவன் அந்த வம்சத்தான்தான். அவன் இல்லாமல் அமத்சியா இல்லை, உசியா இல்லை.

என் கேள்வி வேறு. எரேமியா 22 கடைசியில் யூதா ராஜாவான கோனியாவைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருப்பதில்லை என்று தேவனே சொல்கிறார். முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார். இது உடன்படிக்கையின் முடிவு அல்லவா?

#8 சுட்ட களிமண்

தராசு கேட்டதற்கு என்னால் முடிந்த அளவு. இந்தக் கோனியாதான் யோயாக்கீன், மத்தேயுவில் எகோனியா. 18 வயதில் ராஜாவாகி, மூன்றே மாதம் ஆண்டு, கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்து பாபிலோனுக்குப் போனவன். பதினொரு வருடம் கழித்து எருசலேமும் ஆலயமும் எரிந்தன. ஏறக்குறைய 400 வருட அரசு முடிந்தது. ஏத்தானின் சங்கீதத்து இரண்டாம் பாதியை அந்த நாட்களில் எத்தனை பேர் வாய்விட்டுப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கோல்டவே தலைமையில் ஜெர்மானியர்கள் பாபிலோனைத் தோண்டினார்கள். இஷ்தார் வாசலுக்கு அருகில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்து அறைகளில் களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனைக் கிடங்கிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தார்கள் என்ற கணக்கு அவை. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-இல் அவற்றை வெளியிட்டார். அதிலே யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீன் பெயர் இருக்கிறது. கீழே யூதா ராஜாவின் ஐந்து குமாரர்களுக்கு இரண்டரைச் சீலா எண்ணெய். சீலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆளுக்கு அரைச் சீலா.

அந்தக் கணக்கர் தாவீதைப் பற்றி ஒன்றும் அறியாதவர். எண்ணெய் குறையக் கூடாது என்று எழுதினார். சந்தானமற்றவன் என்று எழுதச் சொன்ன மனிதனுடைய ஐந்து பிள்ளைகளை எதிரியின் கிடங்குக் கணக்கு எண்ணிக் காட்டுகிறது. சபிக்கப்பட்ட வீடு எதிரியின் எண்ணெயில் பிழைத்திருந்தது. சிறைப்பட்ட 37-ஆம் வருடத்தில் பாபிலோனின் புது ராஜா ஏவில் மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து எடுத்துத் தன் மேசையில் உட்காரவைத்தான் என்பதோடு இராஜாக்கள் புத்தகம் முடிகிறது. கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனுடைய பேரன் செருபாபேலிடம் பேசுகிறார். தேவன் அவனை எப்படி வைப்பேன் என்றார்? முத்திரை மோதிரமாக. தாத்தாவிடமிருந்து கழற்றி எறிந்த அதே சொல்லைப் பேரனிடம் கொண்டுவந்து வைத்தார்.

செருபாபேலும் சிங்காசனத்தில் ஏறவில்லை. எரேமியா சொன்னது பொய்க்கவில்லை. அவன் பெர்சிய அரசின் கீழ் ஓர் அதிபதி மட்டுமே. அதற்குப் பின் 500 வருடம் தாவீதின் வீட்டில் ராஜா இல்லை. இயேசுவை வளர்த்த யோசேப்பு தச்சராக இருந்தார். எத்தனையோ தலைமுறை, வாக்கு தங்கள் வீட்டு வழியாகப் போகிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் பிறந்து செத்தார்கள்.

கேட்காமலே ஒன்றைச் சேர்க்கிறேன். 1979-இல் தொல்லியலாளர் கேப்ரியேல் பார்க்காய் எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கின் ஓரத்துக் கல்லறைக் குகையில் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார். யோயாக்கீன் காலத்தை ஒட்டியவை. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர் என்ற ஆசாரிய ஆசீர்வாதம் அவற்றில் கீறப்பட்டிருக்கிறது. பெரிய சுருளில், தம்மை நேசிப்பவர்களுக்கு உடன்படிக்கையையும் கிருபையையும் காக்கிறவர் என்ற வரியும் இருக்கிறது. உபாகமம் 7:9-இல் ஆயிரம் தலைமுறையோடு வரும் அதே வார்த்தை. அரசு இடிந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ அதைக் கழுத்தில் கட்டியிருந்து, செத்த பிறகு அதோடு அடக்கம் ஆனார்.

#9 புதுத்துருத்தி

நேற்று எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அது பாதிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ரோமர் 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசித்தேன். பவுலுக்கும் இதே துக்கம்தான். தன் சொந்த ஜனம் விசுவாசிக்கவில்லை. அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் சம்மதிப்பேன் என்கிறார். முடிவில், தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று விசுவாசியாத இஸ்ரவேலைக் குறித்துச் சொல்கிறார்! பிதாக்கள் நிமித்தம் அவர்கள் நேசிக்கப்பட்டவர்கள் என்கிறார். பிதாக்கள் நிமித்தம் என்ற சொல்லை நான் எங்கள் சபையில் கேட்டதே இல்லை.

#10 கல்தூண்

தம்பி, அந்த அதிகாரங்களைச் சபை பல நூற்றாண்டு வாசியாதவள்போல் இருந்தாள். யூதரைத் தேவன் தள்ளிவிட்டார் என்று பிரசங்கித்து அவர்களுக்குச் செய்த கொடுமைகளை நாம் மறக்கக் கூடாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைப் பற்றி எழுதியபோது ரோமர் 11-ஐத்தான் கையில் எடுத்தது. நான் கத்தோலிக்கன் அல்ல, அதை நன்றியோடு சொல்கிறேன். முதல் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை மறந்தவர் என்றால், பிறகு வந்த நமக்குக் கொடுத்ததை எதை நம்பிப் பிடித்துக்கொள்வது?

#11 வெளிவாசல்

இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன். நான் அந்த மகனைப் போன்றவள். போதகர் வீட்டுப் பெண். விசுவாசம் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே எழுதத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் தேவன் உண்மையுள்ளவர், நீ திரும்பி வருவாய் என்பார்கள். அதைக் கேட்கும்போது நான் ஒரு கணக்கில் வராமல் நிற்கும் எண் போல உணர்வேன். நான் திரும்பினால்தான் தேவன் உண்மையுள்ளவர் என்பது நிரூபணமாகும். அந்தப் பாரத்தை என் தோளில் வைத்துவிட்டார்கள். அதனாலேயே நான் வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். தொலைபேசியில் அம்மாவிடம் காலநிலை மட்டும் பேசுவேன்.

கல்தூண் ஐயா, ஒருவர் மட்டுமே நடந்தார், மற்றவர் தூங்கினார் என்று எழுதினீர்கள். நான் அதை நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் அப்பா அதை உண்மையாகவே நம்பியிருந்தால் என்னிடம் இன்னும் அமைதியாகப் பேசியிருப்பார்.

அக்கா, உங்கள் பேரனின் பெயரை எழுதுங்கள். உங்கள் மகனுக்குப் பாரமாக அல்ல. அவன் பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளை என்பதற்காக.

#12 இரவுப்பணி

வெளிவாசல் தங்கைக்கு: எழுதியதற்கு நன்றி. உங்களுக்குத் தகுதி இல்லை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

#13 வேப்பமர நிழல்

எல்லோருக்கும் நன்றி. வெளிவாசல், உங்கள் பதிவை நான் பலமுறை வாசித்தேன்.

நேற்று இரவு குடும்ப ஜெபத்தில், விட்ட இடத்திலிருந்து வாசிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாசி" என்றார்கள். 38-இலிருந்து கடைசி வரை வாசித்தேன். 49 வந்தபோது அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். "எங்கே என்று கேட்டிருக்கிறாரா, ஏத்தான்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வழக்கமாக அம்மா ஜெபிக்கும்போது எல்லாம் மனப்பாடமாக வரும், உலகத்துச் சபைகளிலிருந்து வீட்டுக் கிணறு வரைக்கும். நேற்று அது ஒன்றும் வரவில்லை. என் மகனுடைய பெயரைச் சொல்லிவிட்டு, ஏத்தான் கேட்டதைத் தானும் கேட்டார்கள். அழுதார்கள். நான் அவர்கள் அழுது பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான்.

பிறகு அந்தத் தாளை எடுக்கச் சொன்னார்கள். யோசேபாளையும் தாதியையும் மூன்றாம் நாளே அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். களிமண் பலகையில் ஐந்து பிள்ளைகளுக்கு எண்ணெய் அளந்த கதையை மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். தாள் பழசு, மை ஊறுகிறது, அதனால் பென்சிலால் எழுதினேன். பெயர். பிறந்த நாள். நான்காவது கட்டத்தை விட்டுவிடு, கோடு மட்டும் போடாதே என்றார்கள்.

மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டோம். பிள்ளை பிறந்த நேரம் எங்களுக்குத் தெரியவில்லை. தாத்தா நேரம் எழுதாமல் ஒருவரையும் விட்டதில்லை, கேட்டு எழுது என்றார்கள். மணி ஒன்பதரை. மகனைக் கூப்பிட்டேன். எதற்கு அம்மா என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விடியற்காலை 4.20. பாட்டியிடம் கொடுங்கள்" என்றான்.